தட்டு கோஷ்டி

1989இல் அருப்புக்கோட்டையில் எனக்கு ஆறாம் வகுப்பு. மத்தியான மணி அடித்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். டிபன் பாக்ஸ் கோஷ்டி வேப்பமரத்தடிக்கு. அலுமினியத் தட்டு கோஷ்டி சத்துணவுக் கூடத்துக்கு. 1982இல் எம்.ஜி.ஆர். சின்னப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்த திட்டம் 1984இல் பதினைந்து வயது வரை நீண்டதால் எனக்கும் சோறு கிடைத்தது. கூடவே ஒரு பட்டப்பெயரும். வைத்தவன் பக்கத்து வீட்டுக்காரன், கோலிக்குண்டில் என் பங்காளி. "டேய் தட்டு, வரிசை நகருதுடா!" என்று மரத்தடியிலிருந்து கத்துவான். பத்தாவது முடியும்வரை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் எனக்குச் சொந்தப் பெயர்.

முட்டை நாள் மட்டும் விதிவிலக்கு. கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஓர் அவித்த முட்டை வந்தது அந்த வருஷம்தான். அன்றைக்கு அவனே தேடி வருவான். பாதி முட்டைக்கு ஒரு ரீஃபில் என்று பேரம் நடக்கும். சாயங்காலம் வரை நான் மறுபடி பங்காளி.

சமீபத்தில் கல்யாண மண்டபத்தில் பழைய மாணவர் சந்திப்பு. வாட்ஸப்பில் தேதி முடிவு செய்வதற்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார்கள். (அப்போதெல்லாம் காய் விட்டால் சாயங்காலத்துக்குள் பழமாகிவிடும்.) சாப்பாடு பஃபே. வங்கி மேனேஜர், கவுன்சிலர், நகைக்கடைக்காரர் என்று மரத்தடி கோஷ்டி முழுக்கத் தட்டேந்தி வரிசையில் நின்றது, அதுவும் தலைக்கு ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு.

எனக்கு முன்னால் அவன். திரும்பினான். பழைய பெயர் வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் என் மகள் நின்றதால் விழுங்கிவிட்டு, "வாங்க சார்" என்றான். தட்டுகூட அப்படிக் குத்தியதில்லை.

கோபி 65க்குக் காத்திருக்கும்போது அவனாகவே ஆரம்பித்தான். "ஒங்க சாம்பார் வாசம் மரத்தடி வரைக்கும் வரும்டா. என் டப்பால காலைல கட்டுன தயிர்ச்சோறு புளிச்சுக் கெடக்கும். நானும் சத்துணவு சாப்புடுறேன்னு வீட்ல கேட்டேன். கௌரவம் என்னாவுறதுன்னு அப்பா பெல்ட்ட உருவிட்டாரு. அந்தக் கோவத்த ஒங்கிட்ட காட்டிட்டேன்."

நல்ல காரணம்தான். ஆனால் பெல்ட் அடி அவனுக்கு ஒரு நாள். பெயர் எனக்குப் பத்தாவது வரை. கணக்கு எங்கே நேராகிறது?

"அதுக்காக அத்தன வருசமாடா?" என்றேன்.

"நீயும் பாதி முட்டதானடா குடுத்த!"

சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. மகள் எங்களை விநோதமாகப் பார்த்தாள். அவளிடம், "ஒங்கப்பா பேரு என்ன தெரியுமாம்மா?" என்று அவனே எடுத்துக்கொடுத்தான். கேட்க எனக்கும் பிடித்தேயிருந்தது.

அவன் மனைவி இப்போது அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 2010இலிருந்து பள்ளி நாளெல்லாம் முட்டை. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் அவர் பள்ளிக்கு வந்துவிட்டது.

"அவ தெனமும் ருசி பாக்குறாடா. நாந்தான் அந்தச் சாம்பார இன்னும் ஒரு வாய் தின்னதில்ல" என்றான். இப்போது அவனுக்குச் சர்க்கரை வேறு. டாக்டர் சோற்றையே குறைக்கச் சொல்லியிருக்கிறார்.