அட்மிரல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

கணக்கு இதுதான். போர்க்கப்பல்கள் இரண்டு வரிசையாகப் போகின்றன. வரிசைகளுக்கு நடுவே ஆறு கேபிள் தூரம். கேபிள் ஒன்றுக்கு 200 கஜம். ஆக 1,200 கஜம். ஒரு கப்பல் முழுதாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 800 கஜம். இரு வரிசைகளும் உட்பக்கமாக, ஒன்றை நோக்கி ஒன்று திரும்பினால் என்ன ஆகும்? எட்டும் எட்டும் பதினாறு, பன்னிரண்டுக்குள் பதினாறு அடங்காது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அதே பிள்ளை வளர்ந்து பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியாகியிருந்தால் வாயை மூடிக்கொண்டு சல்யூட் அடித்திருக்கும்.

1893 ஜூன் 22. இன்று லெபனானில் இருக்கும் திரிப்போலிக்கு அருகே, வெயில் தெளிந்த பிற்பகல். மத்தியதரைக் கடற்படையின் தலைவர் சர் ஜார்ஜ் ட்ரையான் இந்தக் கணக்கைத் தன் கப்பல்களுக்குக் கொடுத்தார். எட்டு கேபிளாவது வேண்டும் என்று வழிகாட்டும் அதிகாரி முன்பே மெல்லச் சொல்லிப் பார்த்திருந்தார். அட்மிரலும் சரி என்றார். பிறகு அவர் கைப்பட எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் இருந்தது 6. அட்மிரல் ஏறியிருந்த விக்டோரியா கப்பலின் கேப்டன் போர்க், நம் கப்பலின் திருப்பு வட்டமே 800 கஜம் என்று ஞாபகப்படுத்தினார். ஆறே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதற்குமேல் கேட்பது மரியாதையா? மரியாதை இல்லை. ஆகவே யாரும் கேட்கவில்லை.

எதிர் வரிசையின் தலைமைக் கப்பல் கேம்பர்டவுன். அதிலிருந்த ரியர் அட்மிரல் மார்க்கமுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. உத்தரவு புரியவில்லை என்பதற்கு அடையாளமாகப் பதில் கொடியைப் பாதியில் நிறுத்திவைத்தார். உடனே, எதற்குக் காத்திருக்கிறாய் என்று மொத்தக் கடற்படையும் பார்க்க ட்ரையானின் கப்பலிலிருந்து ஒரு குட்டு விழுந்தது. மானம் போயிற்று. மானத்துக்குமுன் கணக்கு நிற்குமா? மார்க்கம் கொடியை உச்சிக்கு ஏற்றித் திரும்பினார்.

கேம்பர்டவுனின் இடிமூக்கு விக்டோரியாவின் விலாவில் இறங்கியது. அடுத்த 13 நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து முழுகியது. அதற்குள்ளும் ஒரு வேடிக்கை நடந்தது: உதவிக்குக் கிளம்பிய பிற கப்பல்களின் படகுகளைப் பொறுத்திருக்கச் சொல்லி அட்மிரல் சைகை காட்டினார். தன் கப்பல் முழுகாது என்பது அவர் முடிவு. கப்பலுக்கு அந்த உத்தரவு எட்டவில்லை போலும். மேல்தளத்தில் மாலுமிகள் அணிவகுத்து, குதி என்று யாராவது சொல்லும்வரை அசையாமல் நின்றார்கள். கீழே கொதிகலன் அறையில் நிலக்கரி வாரிக்கொண்டிருந்தவர்களுக்கு மேலே வா என்று சொல்ல ஆளில்லை. மொத்தம் 358 பேர் செத்தார்கள். ட்ரையானும் போய்விட்டார். தவறு என்னுடையதுதான் என்று அவர் கடைசியில் சொன்னதாகச் சொல்வார்கள். சொல்லியிருந்தால், அன்று பிற்பகல் அந்தக் கட்டளை மேடையில் உருப்படியாகப் பேசப்பட்ட ஒரே வாக்கியம் அது.

மால்டாவில் ராணுவ நீதிமன்றம் கூடியது. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மார்க்கம் தன் சந்தேகத்தைச் சைகையில் தெரிவிக்காமல் விட்டது வருந்தத்தக்கது என்றது நீதிமன்றம். மறுமூச்சிலேயே, தலைவர் நேரில் இருந்து இட்ட உத்தரவை நிறைவேற்றியதற்காக அவரைக் குற்றம் சொன்னால் கடற்படையின் நலனுக்கே கேடு என்றும் சொன்னது. 358 பேர் முழுகியது கடற்படையின் நலனுக்கு எந்த வகையில் உதவியது என்று மட்டும் விளக்கவில்லை. மார்க்கம் பின்னர் முழு அட்மிரலானார், சர் பட்டமும் பெற்றார்.

இதில் இன்னொரு கொடுமை. சைகைக் கொடியைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், சொந்தப் புத்தியில் இயங்குங்கள் என்று அந்தக் கடற்படைக்குப் பாடம் நடத்தி வந்தவரே இந்த ட்ரையான்தான். அவரோடு அந்தப் பாடமும் முழுகியது. எல்லோரும் நிம்மதியாகக் கொடிப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

யோசிக்கும் வேலை ஒழிந்தால் நேரம் மிஞ்சுமல்லவா, அந்த நேரத்தில் பெயின்ட் அடித்தார்கள். பதவி உயர்வு பளபளப்பைப் பார்த்து வந்தது. பீரங்கி சுட்டால் புகைபடிந்து அழுக்காகிவிடும். ஆகவே பயிற்சிக் குண்டுகளைச் சத்தமில்லாமல் கடலில் தள்ளிய கதைகளை அந்தக் காலத்தவர்களே சொல்லிப் போயிருக்கிறார்கள். தண்ணீர் புகாத கதவுகளைத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் புகும் கதவுகளாக்கிய கைவண்ணமும் உண்டு. 1907 நவம்பரில் ஜெர்மன் கைசர் வருகிறார், கப்பல்களைச் சிங்காரித்து வையுங்கள் என்று அட்மிரல் லார்டு சார்லஸ் பெரஸ்ஃபோர்டு உத்தரவிட்டார். அவருக்குக் கீழிருந்த பெர்சி ஸ்காட், குறிபார்த்துச் சுடுவதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். இங்கே பீரங்கியைவிடப் பெயின்டுக்குத்தான் கிராக்கி என்று, சுடும் பயிற்சியிலிருந்த தன் கப்பல் ஒன்றுக்குக் குத்தலாகச் சைகை அனுப்பினார். பெரஸ்ஃபோர்டு கொதித்தார், கடற்படை முழுக்கத் தெரியும்படி கண்டித்தார். எந்தக் கைசருக்காகப் பெயின்ட் அடித்தார்களோ, அவருடைய கடற்படையைத்தான் ஏழு வருடம் கழித்துச் சுட வேண்டியிருந்தது.

1914 செப்டம்பர் 22 காலை. வட கடலில் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று கிழட்டுக் கப்பல்கள், துணைக்கு ஒரு டெஸ்ட்ராயர்கூட இல்லாமல், நேர்கோட்டில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. கடற்படைக்குள்ளேயே அவற்றுக்கு உயிருள்ள தூண்டிற்புழுக்கள் என்று பட்டப்பெயர். யு-9 என்ற ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி மூன்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டது. 1,459 பேர் செத்தார்கள். கடற்படைப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட மீசை முளைக்காத பையன்களும் அதில் இருந்தார்கள். அதே நாள் இரவு, கடலுக்கே அரசி என்று சொல்லிக்கொண்ட சாம்ராஜ்யத்தின் சென்னைத் துறைமுகத்துக்கு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சாவகாசமாக வந்து, பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது.

அதே ஆண்டு ஆகஸ்டில், தன்னைவிட வலுவான கப்பலோடு மோதாதே என்ற உத்தரவை மதித்து அட்மிரல் ட்ரூப்ரிட்ஜ் ஒதுங்கினார். அவர்மீது விசாரணை வைத்தார்கள். அதைப் பார்த்த இன்னொரு அட்மிரல் கிராடக் நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கரைக்கு அப்பால் வலுவான எதிரியோடு போய் மோதினார். ஏறக்குறைய 1,600 பேரோடு இரண்டு கப்பல்கள் போயின, ஒருவரும் பிழைக்கவில்லை. ஜெர்மானியர் தரப்பில் மூன்று பேருக்குக் காயம். ட்ரூப்ரிட்ஜ் விடுதலையானார், ஆனால் கடலில் மறுபடி பதவி கிடையாது. மோதினால் சாவு, மோதாவிட்டால் வழக்கு.

1916 மே 31, ஜட்லண்ட் கடற்போர். பிரிட்டிஷ் தரப்புக்குத் தலைமை ஏற்றவர் ஜெல்லிக்கோ. விக்டோரியா முழுகிய அன்று காய்ச்சலில் படுத்திருந்து, தண்ணீரில் விழுந்து பிழைத்த அதே ஜெல்லிக்கோ. போர்க்குரூசர்களுக்குத் தலைவர் பீட்டி. தொப்பியைச் சாய்த்து வைப்பதிலும், எட்டுப் பொத்தான் இருக்க வேண்டிய கோட்டில் ஆறு வைத்துத் தைப்பதிலும் விதிகளை வீரத்தோடு மீறியவர். எதிரிக் கடற்படையைக் கண்டு அவர் வடக்கே திரும்பியபோது, அவருக்குக் கீழிருந்த எவன்-தாமஸ் நான்கு பெரிய போர்க்கப்பல்களோடு அதே எதிரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பீட்டியின் கப்பலில் சைகைக் கொடியை இறக்கினால்தான் திரும்பலாம், கொடி இறங்கவில்லை. இரவில் ஜெர்மன் கப்பல்கள் வால்பக்கமாக நழுவியதை மலாயா கப்பலில் கண்ணாலேயே பார்த்தார்கள். பீரங்கி அதிகாரி சுட அனுமதி கேட்டார். முன்னால் போகும் அட்மிரலுக்கும் தெரியாமலா இருக்கும் என்று கேப்டன் மறுத்துவிட்டார். யாரும் ஜெல்லிக்கோவுக்குச் சொல்லவில்லை. விடிந்தபோது ஜெர்மானியர் வீடு சேர்ந்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 6,094 பேர் செத்திருந்தார்கள்.

1919இல் நன்றியுள்ள நாடாளுமன்றம் கணக்கு முடித்தது. ஜெல்லிக்கோவுக்கு 50,000 பவுண்டு. பீட்டிக்கு ஏர்ல் பட்டமும் 1,00,000 பவுண்டும். விக்டோரியா மகாராணி காலத்துத் தேர்ந்த மாலுமிக்கு நாள் சம்பளம் ஒரு ஷில்லிங் ஏழு பென்னி. 1850களில் நிர்ணயித்த அந்தத் தொகையை 1912 வரை உயர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. பீட்டியின் பரிசை அந்தச் சம்பளத்தில் சம்பாதிக்க, விடுமுறை இல்லாமல், முழுகாமல், 3,458 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும்.