காலிக் கட்ட விசாரம்

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் என்ன செய்வது? இந்த அற்ப விஷயத்தில் புள்ளியியலார் இரு கலைகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். அந்த வரியையே தூக்கிவிடு என்பது நீக்கற்கலை. எதையாவது போட்டு அடை என்பது நிரப்பற்கலை. 'ஆர்' நிரல்மொழி எக்கலையிலும் சேராது. சும்மா விட்டால், ஒரே ஒரு கட்டம் 'என்.ஏ.' (விடுபட்டது) என்றாலும் மொத்த நிரலின் சராசரியும் 'என்.ஏ.'தான் என்று பிடிவாதம் பிடிக்கும்.

முதலில், பூஜ்யம் வேறு, காலி வேறு. முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறந்த நீர் பூஜ்யம் என்றால் தண்ணீர் விடவில்லை. காலி என்றால் எழுதுபவர் வரவில்லை.

காலிகள் மூவகை என்பது 1976இல் டொனால்ட் ரூபின் தொடங்கிவைத்த மரபு: தற்செயலாய் விடுபட்டது, மற்ற நிரல்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளக்கூடியது, தன் மதிப்பினாலேயே விடுபட்டது. மூன்றாவதுதான் பொல்லாதது. பெருவெள்ளம் அளவுகோலையே அடித்துக்கொண்டு போனால், ஆண்டின் ஆகப் பெரிய எண்தான் காணாமற்போகும். அங்கே மற்ற நாள்களின் சராசரியைப் போடுகிறவர் வெள்ளமே வரவில்லை என்று சாதிக்கிறார். அக்னி நட்சத்திரக் கட்டத்தில் ஆண்டுச் சராசரி வெப்பத்தைப் போடுகிறவரும் அவருக்கு உறவினரே. அவரை மலைக்கோட்டையின் வெட்டவெளிப் படிகளில் நண்பகலில் வெறுங்காலோடு நிறுத்தினால் கட்சி மாறிவிடுவார்.

இனி சித்தாந்தம்: நிரப்பியதைப் பிறகு என்ன செய்வது? 1323 படையெடுப்பின்போது ஸ்ரீரங்கம் கோயிலை விட்டுப் போன உற்சவர் நம்பெருமாள் 1371இல்தான் திரும்பினார். இடையில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. வந்தவர் அசல்தானா என்று ஊர் திகைத்தபோது, பார்வையற்ற ஈரங்கொல்லி (சலவைத் தொழிலாளி) ஒருவர் திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தை அருந்தி இவரே நம்பெருமாள் என்று தீர்ப்புச் சொன்னதாகக் கோயில் வழக்கு. மருந்து ஆய்வாளர்கள் மெனக்கெட்டு ஏற்பாடு செய்யும் பார்வை மறைப்பு இங்கே தானாகவே அமைந்துவிட்டது. நமக்கு முக்கியம் அடுத்தது. அசல் கிடைத்ததும் நிரப்பியதை யாரும் அழிக்கவில்லை. அவர் திருவரங்க மாளிகையார் என்ற தனிப் பெயரோடு இன்றும் இருக்கிறார். அசலோடு கலக்கவுமில்லை, காணாமற்போகவுமில்லை. நிரப்பிய மதிப்புக்குத் தனி அடையாள நிரல் வேண்டுமென்று மன்றாடும் புள்ளியியலார் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நடை வந்து போகலாம்.

கணினிப் படிவங்களுக்கு இந்த நாகரிகம் கிடையாது. 'குடும்பப் பெயர்' காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. இனிஷியலோடு பிறந்து இனிஷியலோடு வாழும் உத்தர வீதிக்காரர் என்ன செய்வார்? ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்வார். நிரலுக்கு அது காலியல்ல, முறையான பெயர். தமிழ்நாட்டில் 'புள்ளி' வம்சத்தார் இத்தனை பெருகியது எப்படி என்று என்றாவது ஒருவர் முனைவர் பட்டம் வாங்கத்தான் போகிறார்.