அந்தக் கடை இப்போ இல்லை

கிள்ளானில் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேளுங்கள், இவரிடம் மட்டும் கேட்காதீர்கள். கேட்காமலும் தப்ப முடியாது. பூக்காரம்மாவிடம் கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து இவர் பாதி வழியைச் சொல்லி முடித்திருப்பார். ஜாலான் தெங்கு கெலானாவின் அஞ்சடியில் அந்த நாற்காலி நிரந்தரம். கையில் ஒரு தே ஓ கோசோங், காலை முழுக்க அது ஒன்றுதான். முகத்தில் மூக்குக்கண்ணாடி. வழி சொல்லும்போது அதைக் கழற்றிவிடுவார். எதிரே இருக்கிற கட்டடங்கள் தெரிந்தால் அவருக்கு இடைஞ்சல்.

கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போட வேண்டும் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நேரா போங்க தம்பி. முந்தி ஒரு படக்கொட்டகை இருக்கும். அதத் தாண்டி லெப்ட்டு. அங்க ஒரு சீனத் தவுக்கே சைக்கிள் கடை வச்சிருந்தாரு, செத்துட்டாரு. அவரு கடைக்கு எதுத்தாப்புல பெரிய தூங்குமூஞ்சி மரம். வெட்டிட்டாங்க. அந்த நெழல்லயே போனீங்கன்னா..."

வெட்டிப்போட்ட மரத்தின் நிழலில் நான் பாதி நாள் நடந்தேன். படக்கொட்டகை இருந்த இடம் எது என்று கேட்க இன்னொருவரை நிறுத்தினால், அவர் "அங்க முந்தி ஒரு பேக்கரி இருந்துச்சே, அதுக்குப் பின்னால" என்றார். இந்த ஊரில் இது ஒரு ஆள் இல்லை, ஒரு சங்கம்.

கோலாலம்பூரிலிருந்து துறைமுகத்துக் கணக்கு வேலைக்குச் சில மாதங்களுக்கென்று அனுப்பப்பட்டவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸ்காரன். கிள்ளானுக்கு வருகிறேன் என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் குண்டர் கும்பலைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். அப்படி யாரும் என்னை மறிக்கவில்லை. மறித்தவர் இவர்தான்.

நாடு மைலை விட்டுக் கிலோமீட்டருக்குப் போய் எத்தனையோ காலமாகிறது. இவருக்கு இன்னும் எல்லாம் கட்டைதான். காப்பார் ரோட்டில் மூணாங்கட்டை, மேரு ரோட்டில் நாலாங்கட்டை. கட்டை எங்கே நடப்பட்டிருந்தது என்று கேட்டால் "பிடுங்கிட்டாங்க" என்பார், தம் வீட்டுச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போனது போல. ஊர்ப் பெயர்களும் அப்படியே. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆகிவிட்டது. அந்தச் செய்தி அஞ்சடிக்கு வந்து சேரவில்லை. செத்தியா ஆலாமுக்கு வழி கேட்டால் நெற்றியைச் சுருக்குவார். "நார்த் ஹம்மாக் தோட்டமா? அங்க யாரத் தேடுறீங்க, கிராணியவா?" அங்கே இப்போது இருப்பது வரிசை வரிசையாக மாடிவீடுகளும் ஒரு பெரிய பேரங்காடியும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமா ஆமா, அந்தத் தோட்டம்தான்" என்று முடித்துவிட்டார்.

உச்சம் என்று சொன்னால் பூலாவ் இண்டாதான். வேலை விஷயமாக அங்கே வெஸ்ட்போர்ட்ஸ் துறைக்குப் போக வேண்டியிருந்தது. அப்படி ஒரு தீவே இல்லை என்று சாதித்தார். நான் போனில் படத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. "ஓ, பூலாவ் லூமுட்! அங்க எதுக்குப் போறீங்க? ஒண்ணும் கெடையாது தம்பி. அலையாத்திக் காடும் சேறும்தான்." 2023இல் மட்டும் கிள்ளான் துறைமுகம் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 14 மில்லியனுக்கு மேல் கையாண்டது. அதில் பெரும்பங்கு அந்த ஒண்ணும் கெடையாத தீவின் வழியாகப் போனதுதான்.

இவருடைய அடையாளச் சாத்திரத்தில் ஒரு விதி உண்டு. நிற்கிற கட்டடம் அடையாளம் ஆகாது. சுந்தரராஜப் பெருமாள் கோயில் 1896இலிருந்து இருக்கிறது. வெளியூரிலிருந்து பஸ் எடுத்துக்கொண்டு வந்து கும்பிட்டுப் போகிறார்கள். குழந்தைக்கும் தெரிந்த கோபுரம். அதை ஒருநாளும் இவர் வழியில் சேர்த்ததில்லை. இடித்தால்தான் சேர்ப்பார் போலிருக்கிறது. ஆற்றுக்கு மேலே இரட்டை மாடிப் பாலம் ஒன்று உண்டு, மேல்தட்டு வண்டிகளுக்கும் கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாகக் கட்டியது. அது நிற்கிறது என்பதால் இவருக்கு அதிலும் சுவாரசியம் குறைவு. அதற்கு முன்னால் இருந்த பாலத்தைத்தான் சொல்வார்.

போனில் வழி காட்ட வேஸ் இருக்கிறதே, எதற்கு உங்களைக் கேட்க வேண்டும் என்று ஒருமுறை துணிந்து கேட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், பாடம் எடுக்கிற வாத்தியார்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேஸ் காட்டுற கடை அடுத்த மாசம் இருக்குமா? துணிக்கடை இருந்த எடத்துல போன் கடை. போன் கடை இருந்த எடத்துல இப்ப பபள் டீ. நான் சொல்ற கடை அப்படியா? அது போயி முப்பது வருசமாச்சு. இனிமே எவன் வந்து அத மாத்த முடியும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கோலாலம்பூரில் யாரிடமும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நெரிசலில் காடியை விட்டுவிட்டு ரயிலில் வீட்டுக்குப் போகலாம் என்று கம்யூட்டர் நேரம் கேட்டால், "ரயில் புக்கிட் கூடா வரைக்கும்தான்" என்றார். 1886இல் கோலாலம்பூரிலிருந்து வந்த முதல் ரயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புக்கிட் கூடாவில் நின்றுவிட்டது உண்மை. பாலம் 1890இல் வந்தது. இவர் சொன்ன தோரணையில் ஆற்றைக் கடக்கப் படகு பிடிக்க வேண்டுமோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. கொசு கடித்தால்கூட அவருக்கு வரலாறுதான். 1901 செப்டம்பரில் துறைமுகம் திறந்த கையோடு மலேரியா கொள்ளையாகப் பரவி, துறையையே மூடும் நிலை வந்தது. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சொல்லி, சதுப்பு நிலத்தை வடித்த பிறகுதான் ஆட்கள் பிழைத்தார்கள். தம் புறங்கையில் உட்கார்ந்த கொசுவை இவர் அடிக்கமாட்டார், உற்றுப் பார்ப்பார். "வாட்சனுக்குத் தப்பினது" என்பார்.

சங்கத்து உறுப்பினர்கள் இருவர் ஒரே மேசையில் அகப்பட்டால் மட்டும் நாம் எழுந்து போய்விட வேண்டும். மேரு ரோட்டுக்காரர் ஒருவர் எப்போதாவது வருவார். அன்றைக்கு அந்தப் படக்கொட்டகை விவகாரம். சாலைக்கு இடப்பக்கம் என்று இவர், வலப்பக்கம் என்று அவர்.

"யோவ், நான் டிக்கெட்டுக்கு வரிசையில நின்னவன்யா. வெயில் மூஞ்சில அடிக்கும்."

"நீ மேட்னிக்கு நின்னுருப்ப. நான் காலை ஆட்டத்துக்கு நின்னேன். முதுகுலதான் அடிச்சுது."

சூரியனையும் சாட்சிக்குக் கூப்பிட்டாகிவிட்டது. இல்லாத கொட்டகைக்கு இல்லாத வெயிலை அளந்து ஒரு மணி நேரம் போனது. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். தீர்ப்புச் சொல்லவேண்டுமாம். அந்தக் கொட்டகை மூடும்போது நான் பிறக்கவேயில்லை என்றேன். "அதனாலதான் ஒங்களக் கேக்குறோம், பட்சபாதம் இருக்காது" என்றார் மேரு ரோட்டுக்காரர்.

இவர் சொல்லி நான் ஒரே ஒருமுறை பேச்சை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காப்பார் ரோட்டு வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று "இங்கதான் எங்கப்பா சைக்கிள விட்டு எறங்கமாட்டேன்னு சொன்னாரு" என்றார். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அந்த வழக்கத்தை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற சம்பளத்தை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். தமிழ் நேசனில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். துப்பாக்கிச் சூடும் நடந்தது. இவர் காட்டிய இடத்தில் ஒரு டயர் கடையும் கார் கழுவும் இடமும் இருந்தன. தோட்டம் போய், லயம் போய், சைக்கிளும் போன பிறகு அந்த இடத்துக்கு மிச்சம் இருக்கிற ஒரே அடையாளம் இந்த ஆள்தான் என்று தோன்றியது. அன்றைக்கு தேநீர்க் காசை நான் கொடுத்தேன். வழக்கமாக அவர் விடமாட்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. ஒரு ஊரில் சில மாதம் தங்க வருகிறவனுக்குத் தேவை சில சின்ன விஷயங்கள். கன்டெய்னர் லோரிகள் எந்த நேரத்தில் எந்தச் சாலையை அடைக்கும்? மழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் எந்தத் தெருவில் காடியை நிறுத்தக்கூடாது? லோரிகள் பறித்துவைத்த குழிகள் எங்கே? நடந்து போகிறவன் சாலையைக் கடக்க ஒழுங்கான இடம் உண்டா? 2024 பிப்ரவரி 5ஆம் தேதி கிள்ளான் மாநகரம் ஆனது. மாநகரத்தில் நடைபாதை திடீரென்று சாக்கடைக்குள் முடிகிறது. இதையெல்லாம் இவர் சொன்னதே இல்லை. அந்தச் சாக்கடை முந்தி எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று சொன்னார். மீன் பிடித்தாராம். என் காடி முழங்கால் தண்ணீரில் நின்ற சாயங்காலம் அந்த மீனைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை.

வேலை முடிந்து கிளம்பும் நாளில் சொல்லிக்கொள்ளப் போனேன். விடுவாரா? என் வீட்டுக்கு எனக்கே வழி சொல்ல ஆரம்பித்தார்.

"ஃபெடரல் ரோட்டுலயே போங்க. பிரிக்ஃபீல்ட்ஸ் கிட்ட போனதும் ரயில்வே யார்டு வரும்."

"அங்க கேஎல் சென்ட்ரல் வந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு அங்கிள்."

"அதான், யார்டு. அத ஒட்டியே போனா ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்."

"இடிச்சிட்டாங்க."

"தெரியும். அதுக்குள்ள பூந்து ரொசாரியோ ரோட்டுல ஏறினா, ஒரு பெரிய மாமரம். வலது பக்கம்."

"இடது பக்கம்" என்றேன்.

"வலது, தம்பி. நான் அங்க கல்யாணத்துக்கு வந்திருக்கேன்."

கல்யாணத்துக்கு வந்தாராம். நான் அந்த மரத்தில் கல்லெறிந்து அடி வாங்கியவன். காடிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்தேன்.