பத்து வெள்ளி சிலிப்பரும் பண்டமாரான் அக்காவும்

தீபாவளிச் சேலையா? கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார். நகைக்கடையில் அதைவிடச் சீக்கிரம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, பையனின் தேத்தண்ணி ஆறுவதற்குள் தலையை ஆட்டிவிட்டார் என்று கேள்வி. ஆனால் ஒரு ஜப்பான் சிலிப்பர் வாங்க வேண்டுமென்றால் மட்டும் பண்டமாரான் அக்காவுக்கு மூன்று பாசார் மாலாம் தேவைப்படும்.

அக்கா என்பது ஓர் ஆளல்ல, ஓர் இனம். பண்டமாரான் ஜெயாவில் எந்த வரிசை வீட்டு வாசலுக்குப் போனாலும் ஒருவராவது அகப்படுவார். அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலைப் பெரட்டும் மங்கும் ஒட்டுப்பால் வாடையும் அக்காவின் சின்ன வயதுச் சொத்து. அந்த மூக்கை ஏமாற்ற இன்றுவரை ஒரு கடைக்காரரும் பிறக்கவில்லை.

கடைக்கு வந்ததும் அவர் முதலில் செய்வது மோந்து பார்ப்பது. சிலிப்பரை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு இழுப்பு. பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரப் பெண் ஒதுங்கிக்கொள்வாள். அடுத்து, முன்நுனி குதிகாலைத் தொடும்படி மடித்து விடுவார். உடனே நிமிர்ந்தால் அசல் ரப்பர். மடிப்புக்கோடு வெள்ளையாக நின்றால் வெறும் ஸ்பாஞ்ச், தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். பிறகு கவிழ்த்துப்போட்டு, வார் அடியில் வந்து முடியும் குமிழைக் கட்டைவிரலால் அமுக்குவார். குமிழ் சின்னதாக இருந்தால் நாலாம் மாதம் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும்; அப்புறம் ஊக்கு குத்திக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இந்த இடத்தில் அக்கா சொல்வது முழுக்கச் சரி. சிலிப்பர் சாகிற இடம் பெரும்பாலும் அந்த ஓட்டைதான்.

“தவுக்கே, இனி கெத்தா பெத்துல் கா?”

“பெத்துல், ஆச்சி. தஹான் லாமா!”

ஆச்சி என்ற சொல் விழுந்ததும் பேரம் இரண்டு வெள்ளி கூடுதலாகக் கடுமையாகும்.

ஸ்பாஞ்ச் மேல் அக்காவுக்கு இருக்கும் வெறுப்பில் நியாயம் உண்டு. காற்றுக்குமிழ் நிறைந்த அந்தப் பொருள் முதல் வாரம் மெத்தென்று இருக்கும். போகப்போகக் குதிகால் இடத்தில் அமுங்கித் தகடாகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் சுருங்கி, அம்மா சிலிப்பர் மகள் அளவுக்கு வந்துவிடும். மதிய மழை ஓய்ந்ததும் கடைவீதிக் காக்கி லீமா ஓடுகளில் கால் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். நல்ல ரப்பர் கொஞ்சம் கனம்தான், ஆனால் ஈரத் தரையிலும் வழுக்காமல் பிடிக்கும். நிறத்தில்தான் அக்காவோடு எனக்கு ஒத்துவராது. அழுக்கு தெரியாது என்று அவர் எடுக்கும் அந்தக் காப்பித்தூள் நிறத்தை எந்தக் காலுக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மருமகள் ஒருமுறை கோலாலம்பூர் மாலிலிருந்து ஹவாயனாஸ் ஒன்று வாங்கி வந்தாள். பிரேசிலில் 1962 முதல் செய்கிறார்களாம். ஜப்பானிய வைக்கோல் செருப்பைப் பார்த்துச் செய்ததால் மேலே அரிசிமணி அச்சு. அக்கா விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் மரத்தின் சொந்த ஊரே பிரேசில்தான். விதை லண்டன் போய், 1877-இல் 22 கன்றாகச் சிங்கப்பூரில் இறங்கி, மலாயா முழுக்கப் பரவி, அதைச் சீவ நம் ஆட்கள் கப்பலேறி வந்து... இத்தனையும் நடந்த பிறகு சிலிப்பர் மட்டும் அங்கிருந்து வருவானேன் என்பது அவர் கட்சி. ஆனாலும் மோந்து பார்த்தார். “சரக்கு நல்ல சரக்குதான்” என்று ஒத்துக்கொண்டார். விலையை மன்னிக்கவில்லை.

வாங்கிய சிலிப்பருக்கு வீட்டில் உத்தியோகக் கிரமம் உண்டு. புதுசு பாசாருக்கும் கிளினிக்குக்கும். அது தேய்ந்தால் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற. அதற்கும் கீழே குளியலறை. புரட்டாசிச் சனிக்கிழமை சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குக் குளியலறை சிலிப்பர்தான் போகும். வாசலில் அத்தனை ஜோடி கிடக்கும்போது இதை யார் சீண்டப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. பெருமாளைக் கும்பிடும்போதும் அந்தக் கவலை இல்லாததால் மனம் ஒருமைப்படுகிறதாம்.

ஒருவழியாக மூன்றாவது வாரம் ஒரு ஜோடி தேறியது. பன்னிரண்டு வெள்ளியைப் பத்தாக்கி, பையை வேண்டாமென்று சொல்லி, பழையதைக் கையில் பிடித்துக்கொண்டு புதியதோடு நடந்தே வீடு வந்தார். கேட்டருகே பக்கத்து வீட்டம்மா.

“புதுசாக்கா? எவ்வளவு?”

“எட்டு வெள்ளிதாம்மா.” விலை கேட்டால் இரண்டு வெள்ளி குறைத்துச் சொல்வது அக்காவின் வழக்கம்.

“ஐயையோ, ஏமாந்துட்டீங்களே! புக்கிட் திங்கி ஜஸ்கோவுல இதே சிலிப்பரு ஏழு வெள்ளி.”

அக்கா ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை காலை, ஜஸ்கோ (இப்போது ஏயோன்) கதவு திறப்பதற்கு முன்பே, மருமகளையும் இழுத்துக்கொண்டு போய் நின்றார். வாங்க அல்ல. மோந்து பார்க்க.