காலைப் பாரு மாப்ளே

உக்காரு மாப்ளே. நேத்து ராத்திரி டிவியில யுத்தப் படம் ஓடுறப்ப "அது டைகர் இல்ல, டைகர் இல்ல"ன்னு கத்துனியாமே? புலி வந்துருச்சுன்னு உங்கக்கா புள்ள ஒண்ணுக்குப் போயிருச்சாம்.

நீ சொன்னது சரிதான். 1970ல வந்த அந்த 'கெல்லீஸ் ஹீரோஸ்' படத்த யுகோஸ்லாவியாவுல எடுத்தாங்க. ஜெர்மன் டைகர் டாங்கிக்கு அங்க எங்க போறது? ரஷ்யாக்காரன் டி-34ஐப் புடிச்சு மேல வேஷம் கட்டி நிறுத்திட்டாங்க. 'சேவிங் பிரைவேட் ரயன்'லயும் அதே கூத்துதான். மாடு வாங்கப் போறவன் கொம்புல அடிச்ச பெயிண்டையா பாப்பான்? காலைப் பாரு. நெச டைகருக்குச் சக்கரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, தட்டு அடுக்குன மாதிரி இருக்கும். டி-34க்கு ஒரு பக்கம் அஞ்சே சக்கரம், பந்தியில உக்காந்தாப்ல தனித்தனியா இருக்கும்.

இதாவது பரவாயில்ல. 1965ல 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்'னு ஒண்ணு எடுத்தாங்க. நெசச் சண்ட 1944 டிசம்பர்ல, ஆர்டென் காட்டுல, பனியில நடந்தது. இவங்க கடைசிச் சண்டையை ஸ்பெயின் பொட்டக்காட்டுல புழுதி பறக்க எடுத்து வெச்சாங்க. ஜெர்மன் டாங்கியா வந்தது அமெரிக்காக்காரன் எம்-47. யுத்தம் முடிஞ்சு ஆறு வருசம் கழிச்சுப் பொறந்த வண்டி! அன்னிக்குப் படைய நடத்துன ஐசனோவரே படத்தப் பாத்துக் கொதிச்சுப் போனாரு. உனக்கு மட்டும்தான் கோவம் வரும்னு நெனச்சுக்காத.

எனக்குப் புடிச்சது 'பேட்டன்' படம். அதுவும் ஸ்பெயின்லதான். அந்த நாட்டுப் பட்டாளத்துகிட்ட எம்-47, எம்-48 இருந்துச்சு. அந்த வண்டிகளுக்கு அமெரிக்காக்காரன் வெச்ச பேரே பேட்டன். ஆக, 1945லயே செத்துப்போன தளபதி பேட்டன், படத்துல தன் பேரு வெச்ச டாங்கியையே எதிரின்னு நெனச்சு அடிக்கிறாரு. சிரிக்காம பாக்க முடியுமா?

ஆனா ஒண்ணு. பீமன் கையில இருக்குறது மரக்கதைன்னு நம்மூர்க் கூத்துல எந்திரிச்சுக் கத்துவியா? விளம்பரம் வர்ற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இரு.

2014ல வந்த 'ஃப்யூரி' போட்டாங்கன்னா மட்டும் தாராளமா கத்து. இங்கிலாந்து போவிங்டன் மியூசியத்துலேர்ந்து டைகர் 131ஐ ஓட்டியாந்து நடிக்க வெச்சிருக்காங்க. 1943ல துனிசியாவுல பிரிட்டிஷ்காரன் உசுரோட புடிச்ச வண்டி. நெசப் புலி அது. புள்ள அழுதா அழட்டும், நான் தூக்கிக்கிறேன்.