பந்தும் பிரியமும்

கேள்வி: பந்தை மட்டையோடு அணைத்துக்கொண்டு ஓடுவதில் எங்கள் ஹாக்கி சங்கத்தில் எனக்கு நிகர் எவருமில்லை, ஆயினும் காப்டன் என்னை வெளியிலேயே உட்கார்த்தி வைக்கிறாரே, ஏன்?

பதில்: பந்தின்மேல் உமக்குள்ள பிரியந்தான் காரணம்! எத்துணை வேகமாக ஓடுபவனையும் தள்ளிவிட்ட பந்து முந்திவிடும் என்றறிந்து, எதிரிகளை ஏமாற்றும் ஆனந்தத்தைத் தியாகம் செய்து, காலியிடத்தில் நிற்கும் சகாவுக்கு அதைத் தக்க க்ஷணத்தில் அனுப்புகிறவனே பூரண ஆட்டக்காரன். 1928, 1932, 1936 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற தியான் சந்தின் மட்டையில் பந்து பசைபோல் ஒட்டியது என்று உலகம் வியந்ததே, அவரும் சகாக்களுக்குப் பந்தைத் தருவதில் லோபியல்லர்.

அப்படி அனுப்புவதற்கு முதலில் மட்டைப் பிடி கைவர வேண்டும். மட்டையின் இடப்புறம் ஒன்றே தட்டையானது. ஆதலால் அதைத் திருப்பும் வேலை, மேல்நுனியை இறுகப் பற்றிய இடக்கைக்கே உரியது; கீழே உள்ள வலக்கை, மட்டை தன்னுள் சுழலும்படி தளர்ந்திருக்க வேண்டும். இதைத் தினமும் சுவரில் பந்தைத் தள்ளி, திரும்பி வருவதை ஓசையின்றி அடக்கிப் பழகுங்கள். பந்து வருமுன்பே தலைநிமிர்ந்து, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிடுவது அதனினும் அரிய வித்தை. நம் சங்கங்களில் இதைக் கற்பிப்பாரில்லையே என்பது என் மனக்குறை. அடுத்த பயிற்சியில், இரண்டு தொடுகைக்குமேல் பந்தை வைத்துக்கொள்வதில்லையென்று விரதம் பூணுங்கள்; காப்டனே வந்து அழைப்பார்.