பச்சைக் கோடு

படிப்பகத்தின் கூரை ஒழுகுவது மூன்று மழையாக ஊருக்கே தெரியும். பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன மாதம்தான் தெரிந்தது. தெரிந்த அன்றே இணையத்தில் வசூலைத் தொடங்கிவிட்டான். "மாமா, உள்ளூர்க்காரங்க போட்டாத்தான் வெளியாளுங்க போடுவாங்க" என்று நேற்று போன்.

ஜமுனாமரத்தூரில் என் வீட்டுக்கும் படிப்பகத்துக்கும் இருநூறு அடி. கூரை போடப்போகிற மேஸ்திரி எதிர்த் திண்ணையில் பீடி குடித்துக்கொண்டிருக்கிறார். ஐந்நூறு ரூபாயை அவர் கையில் கொடுத்துவிடட்டுமா என்றேன். கூடாதாம். வசூல் எவ்வளவு ஆயிற்று என்று இணையப் பக்கத்தில் காட்டும் பச்சைக் கோடு ஏறாதாம்.

ஊர்கூடித் தேர் இழுப்பதை நான் குறை சொல்லவில்லை. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எத்தனையோ பேர் கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்ந்தது. அதில் தமிழக அரசின் பங்கு 10 கோடி ரூபாய். இந்த விஷயத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த டிப்ஸ்.

ஐந்நூறு என்று அடித்தால் ஐந்நூற்றுத் தொண்ணூறு என்கிறது. தொண்ணூறு, வசூல் தளத்துக்கு டிப்ஸ். தர்மம் போடுகிறவன் உண்டியலுக்கும் டிப்ஸ் தரணுமா? பொத்தானை இடப்பக்கம் தள்ளினேன், எழுபத்தைந்து. இன்னும் தள்ளினேன், விரல் வழுக்கி நூறு. சைபரைக் காணவே காணோம். 'வேறு தொகை' என்ற பொடி எழுத்துக்குள் ஒளிந்திருந்தது. அதில் சைபர் போட்டால், 'நிச்சயமாகவா?' என்று அழுமூஞ்சிப் படம் ஒன்று கேட்கிறது. கல்நெஞ்சோடு ஆமாம் என்றேன். அடுத்தது ஓடிபி. சிக்னலுக்காகப் பலாமரத்தடிப் பாறைமேல் ஏறி நின்றேன். திரையில் வளையம் சுற்றுகிறது. 1977இல் இதே மலையில், காவலூர்த் தொலைநோக்கியில், யுரேனஸின் வளையங்களுக்கான தடயம் கிடைத்தது. எனக்குக் கிடைத்த வளையம் இதுதான். போளூர் பஸ் போய், திரும்பியும் வந்துவிட்டது. ஓடிபி வந்தபோது அதன் ஆயுள் முடிந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி தொண்ணூறு!

பாறையிலிருந்து இறங்கினேன். மேஸ்திரி, "என்ன சார், மேல யாரைத் தேடறீங்க?" என்றார்.

இரவு அக்கா மகனிடமிருந்து இன்னொன்று வந்தது: 'புதுக் கூரைக்கு என்ன வண்ணம்? உங்கள் கருத்தைப் பதியுங்கள்.' நூற்றுப் பன்னிரண்டு பேர் பதிந்திருந்தார்கள். பாதிப்பேர் இந்த மலையையே பார்த்திராதவர்கள். எரிச்சலோடு நீலத்தைத் தொட்டேன்.

அது மட்டும் உடனே போய்விட்டது.